காற்றை மூட்டை கட்டிய சாமந்திபட்டி

சாமந்திபட்டிக்காரர்களை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். சொன்னால் சொன்னபடி செய்கிறவர்கள். சிக்கலே அதுதான்.

நாடு முழுக்கப் புகையைக் குறைக்கிறார்கள் என்று ஓர் அதிகாரி வந்து, ஊரின் டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒரு காற்றாலையை நட்டார். "இனிமே காத்துதான் கரண்ட். ஆடியில கொட்டும், ஐப்பசியில இருக்காது. இருக்கிறப்போ சேர்த்து வச்சுக்கங்க" என்றார். பேட்டரி பின்னால் வரும் என்பதைச் சொல்ல மறந்து ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஊரில் ஒச்சப்பனுக்குத்தான் கவலை அதிகம். மகள் பூவாயிக்கு ஐப்பசியில் கல்யாணம், விடியற்கால முகூர்த்தம். பந்தலில் லைட் எரியாவிட்டால் தாலி கிடையாது என்று மாப்பிள்ளையின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

ஊர் கூடியது. மொக்கையன்தான் ஊருக்கு மூளை.

"காத்துள்ளபோதே தூத்திக்கன்னு பெரியவங்க சொன்னாங்க. தூத்துனவன் எவனும் மூட்டை கட்டலை. அங்கதான் கோட்டை விட்டாங்க" என்றார்.

"கோணிச்சாக்குல ஓட்டை இருக்கே மாமா, காத்து வெளிய போயிடாதா?" என்று கேட்டான் ஒச்சப்பனின் மச்சான் செவனாண்டி.

"போகும். அதே ஓட்டை வழியா வேற காத்து உள்ள வரும்ல? சரியாப் போச்சு."

ஆடி முழுக்கச் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு பொட்டலில் நின்றார்கள். ஒச்சப்பன் நெல்லை வாசலில் கொட்டிவிட்டு வீட்டுக்குள் காற்றை அடுக்கினார். மூட்டைகள் தட்டையாகக் கிடந்தன. நன்றாக அமுங்கியிருக்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

முகூர்த்தத்தன்று காற்றாலைக்கு எதிரே மூட்டைகளைப் பிரித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பூவாயி அழுதேவிட்டாள். எனக்கே பாவமாக இருந்தது.

"பழைய காத்து. மெதுவாத்தான் கெளம்பும். நீங்க பிரிங்கப்பா" என்றார் மொக்கையன்.

கடைசி மூட்டையை அவிழ்க்கவும் பொழுது விடியவும் சரியாக இருந்தது. பந்தல் முழுக்க வெளிச்சம். மாப்பிள்ளையின் அப்பா அண்ணாந்து பல்புகளைப் பார்த்தார்.

"கண்ணு கூசுது. கட்டுடா தாலியை" என்றார். நம் ஊருக்கு ஏற்ற சம்பந்திதான் என்று எல்லோருக்கும் நிம்மதியாயிற்று.

பந்தி முடிந்ததும் ஒச்சப்பன் சுவிட்சை அணைத்தார். வெளிச்சம் போகவில்லை. ஆளாளுக்கு வந்து தட்டிப் பார்த்தார்கள்.

"கரண்ட் வீணாப் போகுதேய்யா" என்று ஒச்சப்பன் தலையில் கை வைத்தார்.

"சாக்கைத் தொறந்து போட்டுட்டு சுவிட்சைத் தட்டுனா எப்படி அணையும்? கட்டுங்க" என்றார் மொக்கையன்.

மாப்பிள்ளை, பொண்ணு உட்பட எல்லோரும் உட்கார்ந்து சாக்கு கட்டினார்கள். கடைசிச் சாக்கின் முடிச்சை இறுக்கும்போது ஊர் நன்றாக இருட்டியிருந்தது.

சம்பந்தி ஒரு சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"பாதிக்கு மேல மிச்சம் இருக்கு. பத்திரமா உள்ள வைங்க, வளைகாப்புக்கு ஆகும்."