ஐந்தாம் கப்பலும் அரசர் கோபமும்

நெய்தலூர் அரசர் சித்திரமாறனுக்கு எல்லாமே உச்சத்தில் இருக்க வேண்டும். மாளிகை உச்சம், மீசை உச்சம், மிளகு விற்றால் அந்த விலையும் உச்சம்!

அந்த வருடம் மிளகு விற்கும் பொறுப்பு அமைச்சர் குழைக்காதர் தலையில் விழுந்தது. காற்று திரும்பியதும் கப்பல்கள் ஒவ்வொன்றாகத் துறைமுகத்துக்கு வரும். விலை சொல்லும். வேண்டாம் என்றால் பாய் விரித்துப் போய்விடும், போனது திரும்பாது. முதல் இரண்டையும் அனுப்பிவிட்டு, மூன்றாவது நல்ல விலை சொன்னதும் குழைக்காதர் மூட்டைகளை ஏற்றிவிட்டார். நான்காவது அடிமாட்டு விலைக்குக் கேட்டது. ஊரே அவரைப் புகழ்ந்தது. அப்போது பார்த்து ஐந்தாவது வந்து தொலைத்தது. இரட்டை விலை!

பொறாமையில் வெந்துகொண்டிருந்த தளவாய் வீரகங்கர் ஓடிப்போய் அரசர் காதைக் கடித்தார்.

"ஐந்தாம் கப்பலுக்குக் காத்திருக்கத் தெரியாதா உமக்கு?" சபை அதிரக் கத்தினார் அரசர். "வெட்டுங்கள் இவர் தலையை!"

வாளும் வந்துவிட்டது. குழைக்காதருக்கு உள்ளுக்குள் உதறல்தான். ஆனாலும் வாய் உதறவில்லை.

"தண்டனை சரிதான், அரசே. ஒரே ஒரு சந்தேகம். இதுதான் உங்கள் கோபத்தின் உச்சமா?"

"என்ன உளறுகிறீர்?"

"நாளைக்கு இதைவிடப் பெரிய கோபம் வந்தால்? இன்றைய சின்னக் கோபத்துக்கு என் தலையைச் செலவழித்துவிட்டால், நாளைக்கு வெட்டத் தலை ஏது? இருப்பது ஒன்றுதானே!"

அரசர் யோசித்தார். அரைக் கோபத்தில் வெட்டினார் என்று நாலு பேர் பேசினால் என்ன மரியாதை? "சரி, காத்திருப்போம்" என்று சிம்மாசனத்தில் சாய்ந்தார்.

காத்திருந்தார். பசித்தது. நெய் மணக்கச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. இரண்டாவது கவளத்தில் புருவம் இறங்கியது. மூன்றாவதில், "முந்திரி தாராளமாகப் போட்டிருக்கிறானே!" என்றார்.

தளவாய் பதறி முன்னால் வந்தார். "அரசே, கோபம் இறங்குகிறது! இன்னும் காத்திருந்தால் இதுவும் போய்விடும். இருக்கும்போதே வெட்டிவிடுங்கள்!"

குழைக்காதர் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். "கேட்டீர்களா அரசே? மூன்றாம் கப்பலில் நான் செய்ததைத்தான் தளவாயும் செய்யச் சொல்கிறார். அது குற்றமென்றால், அவர் தலைக்கும் ஒரு வாள் கொண்டுவரச் சொல்லுங்கள்."

அரசர் சிரித்த சிரிப்பில் பொங்கல் புரையேறியது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதருக்குப் போட்டார்.

"தளவாய்! அடுத்த வருட மிளகு உம் பொறுப்பு. இதைவிட நல்ல கப்பல் இனி வரவே வராது என்று நிச்சயமாகத் தெரிந்த அன்று விற்றுவிட்டு, அரண்மனைக்கு வாரும்."

தளவாய் இன்னும் துறைமுகத்தில்தான் நிற்கிறார். மூட்டைகளில் பூசணம் பூத்துவிட்டது. கேட்டால், "அதோ, ஒரு பாய் தெரிகிறது" என்கிறாராம்.