சுஷிக்கடையில் பேசி முடித்த சம்பந்தம்

சாத்தான்குளம் வாழைக்காய் மண்டி தங்கப்பழம் அண்ணாச்சிக்கு அறிவு குறைவு என்று யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் அவருக்குப் புரிந்ததில்லை.

அவர் மகள் சுபாவுக்குச் சென்னையில் ஒரு நல்ல சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா கனகசபாபதி, பேசி முடிக்க ஜப்பான் சாப்பாடு போடும் ஒரு பெரிய சுஷிக்கடைக்கு அழைத்திருந்தார்.

"அப்பா, நீங்களா எதையாவது செஞ்சு காரியத்தைக் கெடுத்துராதீங்க. அங்க சொல்றதை மட்டும் அப்படியே செய்யுங்க," என்று சுபா கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பினாள். அண்ணாச்சி தலையாட்டினார். கூடவே தம்பி சுடலைமணியும் மச்சான் இசக்கிமுத்துவும் ஆட்டினார்கள்.

கடையில் சின்னச் சின்னத் தட்டுகள் ஒரு பட்டையின் மேல் தாமாகவே ஊர்ந்து வந்தன. ஒவ்வொன்றிலும் சோற்று உருண்டை. அதன்மேல் பச்சை மீன் துண்டு. பரிமாறும் பெண் வந்து, "உங்களுக்குப் பிடிச்சதை எடுத்துக்கலாம் சார்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணாச்சி ஒரு தட்டைப் பிடித்தார்.

"பிடிச்சாச்சு. எடுக்கட்டுமா?"

"பொறுங்க அத்தான்," என்றார் இசக்கிமுத்து. "எல்லாத்தையும் பிடிச்சுப் பாத்தாத்தான எது பிடிச்சதுன்னு தெரியும்?"

அது நியாயமாகப் பட்டது. மூவரும் வருகிற தட்டையெல்லாம் பிடித்தார்கள், விட்டார்கள். அரை மணி நேரம் இது நடந்தது. மீன் சாப்பிடாத குடும்பமோ என்று கனகசபாபதிக்குக் கவலை வந்துவிட்டது.

அவர் ஒரு கிண்ணத்தை நகர்த்தினார். அதில் பச்சையாக ஒரு விழுது. "காரம் ஜாஸ்தி. லேசாத் தொட்டுக்குங்க."

மூவரும் ஆளுக்கொரு விரலால் லேசாகத் தொட்டார்கள்.

"தொட்டாச்சு. விரலை என்னண்ணே செய்ய?" என்றார் சுடலைமணி.

"பெரியவங்க குடுத்தது. கண்ணுல ஒத்திக்க லே."

ஒத்திக்கொண்டார்கள். அண்ணாச்சிக்கு உச்சந்தலைவரை தீப்பிடித்தது. மூவர் கண்ணிலிருந்தும் தாரை தாரையாகக் கொட்டியது.

கனகசபாபதி உருகிப்போனார். "பொண்ணைப் பிரியறதை நினைச்சுச் சித்தப்பன், மாமன்கூட இப்படி அழுது நான் பார்த்ததில்லை! சம்பந்தி, இது முடிவான மாதிரிதான். இனிமேயாவது கூச்சப்படாம கை நனைங்க."

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் தேடினார். மேஜையில் இருந்த கிளாஸுக்குள் அவர் கை நுழையவில்லை. வாசலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் தங்கமீன்கள். மூவரும் போய், சட்டையைச் சுருட்டி, முழங்கைவரை வலது கையை விட்டு அமைதியாக நின்றார்கள்.

கனகசபாபதிக்குத் திக்கென்றது. ஜப்பான் கடையில் இப்படி ஒரு முறை இருப்பது தனக்குத் தெரியவில்லையே! வெளிக்காட்டாமல் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, அவரும் வந்து இடது கையை விட்டார். அதைப் பார்த்து நாலு மேஜைக்காரர்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள்.

முன்னால் நின்றவர் பணிவாகக் கேட்டார்: "சார், எந்தக் கையை விடணும்?"

அண்ணாச்சி தன் கையையும் சம்பந்தியின் கையையும் பார்த்தார்.

"பொண்ணு வீடுன்னா வலது. மாப்பிள்ளை வீடுன்னா இடது."

"நாங்க சும்மா சாப்பிட வந்தோம்."

அண்ணாச்சி நகர்ந்து தொட்டியோரம் இடம் கொடுத்தார்.

"அப்ப ரெண்டையும் விடுங்க."