அழுங்கின் நெற்றியில் ஒரு செம்மண் பொட்டு

உனக்குத் தெரியும். அன்றைக்குக் குளக்கரையில் ஒரு தாய் எழுந்து உண்மையைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஒரு வார்த்தை நீ சேர்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். நீயோ கிழங்கை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாய்.

பிள்ளைகளே, இந்த ஆள் யாரென்று இப்போது சொல்லமாட்டேன். கதையைக் கேளுங்கள், நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

மலையடிவாரத்தில் ஒரு காடு. கோடையில் அங்கே ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் நிற்கும். பகலெல்லாம் விலங்குகள் வந்து குடித்துவிட்டுப் போகும். பொழுது சாய்ந்தால் அது சிறுத்தையின் இடம். வேறு யாரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கமாட்டார்கள்.

ஒரு வருஷம் அந்தக் காட்டுக்குள் இருமல் காய்ச்சல் நுழைந்தது. ஒன்று இருமினால் பக்கத்தில் நின்ற நாலும் இருமின. மந்திக் கூட்டத்தில் பாதி போயிற்று. முயல் வளைகள் வரிசையாகக் காலியாயின.

பயத்தில் எல்லாருக்கும் புத்தி வந்தது. குளத்துக்கு வருகிறவர்கள் மந்தாரை இலையால் வாயையும் மூக்கையும் மூடிக் கொடியால் கட்டிக்கொள்ள வேண்டும், ஒதுங்கிப் போய்த் தண்ணீர் குடிக்கும்போது மட்டும் அவிழ்க்கலாம் என்று முடிவாயிற்று.

முள்ளம்பன்றி ஒரு மருந்தும் கண்டுபிடித்தது. வேர்ச் சாற்றில் தன் முள்ளைத் தோய்த்துத் தோளில் ஒரு குத்து. இரண்டு நாள் உடம்பு வலிக்கும். அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தாலும் உயிரைக் கொண்டுபோகாது. குத்திக்கொண்டவர் நெற்றியில், அடையாளத்துக்கு, பிசின் கலந்த செம்மண்ணால் ஒரு பொட்டு வைக்கும். மழையில் நனைந்தாலும் அது போகாது.

மருந்து நல்ல மருந்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் கரடி வந்து வேறு மாதிரி பேசும்.

முள்ளம்பன்றிக்கு ஒரு குணம், பெருமை. இந்தக் காட்டில் நான் குத்தாத தோள் இல்லை என்று சொல்லிக்கொள்ள அதற்கு ஆசை. கடைசியில் ஒரே ஒரு தோள்தான் பாக்கி நின்றது. அது அழுங்கின் தோள்.

அழுங்கை, அதாவது எறும்புத்தின்னியை, நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். முதுகெல்லாம் செதில் போர்த்தியிருக்கும். கறையான் தின்னும். யாராவது சத்தம் போட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதன் குணம் பயம். அன்றைக்கு அது பால் குடிக்கிற குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றது.

முள்ளம்பன்றி தோளில் குத்தியது. செதிலில் பட்டு முள் முறிந்தது. வயிற்றுப் பக்கம் மெத்தென்று இருக்குமே, அங்கே காட்டச் சொன்னது. அழுங்கு காட்டியது. முள் தொட்டவுடன் அதன் உடம்பு தானாகச் சுருண்டது. இரண்டாவது முள்ளும் முறிந்தது. குட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தது. மூன்றாவதும் முறிந்தது.

"அண்ணே, கோபப்படாதீர்கள்," என்றது அழுங்கு. "நான் வேண்டுமென்று செய்யவில்லை. உடம்பு என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது."

முள்ளம்பன்றி முறிந்த மூன்று முள்ளையும் பொறுக்கி எடுத்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு செம்மண்ணைத் தொட்டு அழுங்கின் நெற்றியில் பொட்டு வைத்தது.

"போ தங்கச்சி. இதை யாரிடமும் சொல்லாதே. ஒருத்திக்கு ஏறவில்லை என்று தெரிந்தால் கரடி அதையே பிடித்துக்கொண்டு ஆடும். எல்லாரும்தான் இலை கட்டுகிறார்களே, உனக்கு ஒன்றும் வராது."

அழுங்கு போய்விட்டது. அன்று மாலையே முள்ளம்பன்றி காடு முழுக்கச் சொல்லிவிட்டது, ஒரு தோள்கூட பாக்கியில்லை என்று.

மூன்று மாதம் போயிற்று. இருமல் அடங்கியது. பயம் போன அன்றைக்கே சண்டை வந்தது.

கரடிக்குக் குணம் வீம்பு. இலை கட்டினால் தேன் வாசனை தெரியவில்லை என்றது. முள் வேலை செய்கிறது என்றால் இலை எதற்கு, இலை வேலை செய்கிறது என்றால் என்னை எதற்குக் குத்தினீர்கள் என்று கேட்டது. மயிலுக்குக் குணம் பகட்டு. தினம் ஒரு புது இலை கட்டி, கொடியில் பூவும் செருகிக்கொண்டு வந்து, இலை அவிழ்த்தவர்களையெல்லாம் கொலைகாரர்கள் என்றது. கரடி அதைக் கோழை என்றது. அலகு கோணலாக இருப்பதால்தான் மறைக்கிறாய் என்றும் சொன்னது. இரண்டுக்கும் காய்ச்சலைப் பற்றிக் கவலையில்லை. தான் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நரிக்குத் தரகு புத்தி. காட்டோரத்து மாட்டுச் சந்தையில் புதருக்குள் பதுங்கிப் பார்த்திருக்கிறது. தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, துண்டுக்குக் கீழே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். நரி அதையே செய்தது. ஒரு பெரிய தேக்கிலையை விரித்து, அதற்குக் கீழே மயிலின் காலையும் கரடியின் கையையும் மாறிமாறிப் பிடித்தது. முழு இலை என்றால் நாலு விரல். இலையே வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் மடக்கு. மயில் நாலில் நின்றது. கரடி மடக்கியது மடக்கியபடி இருந்தது. கடைசியில் இரண்டில் முடிந்தது.

பாதி இலை. வாயை மூடலாம், மூக்கைத் திறந்துவிடலாம். கரடிக்கு மூக்கு கிடைத்தது. மயிலுக்கு இலை கிடைத்தது. கூட்டம் நரியைக் கொண்டாடியது.

பேரம் கெட்ட விஷயம் இல்லை. பேரம் தெரியாதவன் பிழைக்கமாட்டான். ஆனால் எந்தச் சந்தையிலும் ஒரு முறை உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டியவன் எதிரே உட்கார வேண்டும். காய்ச்சல் அந்தத் தேக்கிலைக்குக் கீழே கையை நீட்டவில்லை. பாதி இலைக்கு அது சம்மதிக்கவும் இல்லை.

அப்போதுதான் அழுங்கு முன்னால் வந்தது. வாலில் குட்டி தொற்றிக்கொண்டிருந்தது. மழை வரும்வரை முழு இலை கட்டுங்கள் என்று கேட்டது. நரி முடியாது என்றது. பத்து நாள் என்றது அழுங்கு. அதுவும் முடியாது. கடைசியில் அழுங்கு இறங்கக்கூடிய அளவுக்கு இறங்கிவிட்டது.

"பொழுது விடிந்ததும் கொஞ்ச நேரம். நான் குடித்துவிட்டுப் போகிற வரைக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் இலையை முழுசாகக் கட்டுங்கள். எனக்கு ஒன்று ஆனால் இந்தக் குட்டிக்குப் பால் கிடையாது."

கரடி சிரித்தது. "உடம்பெல்லாம் கவசம். நெற்றியில் பொட்டு. இதற்கு மேலும் பயமென்றால், பாறையைக் குடைந்து உள்ளே வைத்து மூடிவிடட்டுமா?"

"எனக்கு முள் ஏறவில்லை," என்றது அழுங்கு. "மூன்று முறையும் முறிந்துவிட்டது."

"பொட்டு இருக்கிறதே அக்கா," என்றது நரி. "இப்போது பொட்டு பொய்யா, நீ பொய்யா?"

அழுங்கு திரும்பி முள்ளம்பன்றியைப் பார்த்தது. "அண்ணே, நீங்கள் சொல்லுங்கள்."

எல்லாரும் திரும்பினார்கள். முள்ளம்பன்றி ஒரு கிழங்கை மென்றுகொண்டிருந்தது. மென்று விழுங்கியது. "பொட்டு வைத்தது நான்தான்," என்றது. அடுத்த கிழங்கை எடுத்துக் கடித்தது.

கரடி இரண்டு காலில் எழுந்து, காட்டையே ஏமாற்றப் பார்க்கிறாயா என்று உறுமியது. அழுங்கு பயந்துபோய்க் குட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு சுருண்டது.

"மறுப்பு இல்லை," என்றது நரி. "முடிந்தது."

பாதி இலைக் காலம் தொடங்கியது. நாலாம் நாள் கரடி இருமியது. யாரோ முகம் சுளித்ததற்கு, தேனீ தொண்டைக்குள் போய்விட்டது என்று சொன்னது. அழுங்கு இரண்டு நாள் குளத்துப் பக்கமே வரவில்லை. பால் வற்றியது, குட்டி கத்தியது. மூன்றாம் நாள் முழு இலை கட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களின் மூக்கெல்லாம் திறந்திருந்தது. தண்ணீர் குடிக்க அது இலையை அவிழ்த்தபோது, ஓர் அடி தள்ளிக் கரடி இருமியது.

கரடிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் படுத்தது, மூன்றாம் நாள் எழுந்து தேனடை தேடிப் போயிற்று. அதன் தோளில் முள் ஏறியிருந்தது அல்லவா.

அழுங்குக்கும் வந்தது. ஒரு கறையான் புற்றின் அடியில் குட்டியை வைத்துச் சுருண்டுகொண்டது. ஆறாம் நாள் குட்டி முட்டிமுட்டி, செதில் இடுக்கு வழியாக வெளியே வந்தது. தாய் விரியவில்லை. குட்டி வந்த இடுக்கில் தெரிந்த நெற்றியில் பொட்டு மட்டும் அழியாமல் இருந்தது.

பிணத்தைச் சுற்றி மறுபடியும் கூட்டம். இலையைச் சரியாகக் கட்டியிருக்காது என்றது மயில். கரடி அந்தப் பொட்டைக் காலால் சுட்டிக்காட்டியது.

"பார்த்துக்கொள்ளுங்கள். குத்திக்கொண்டவளே செத்துக் கிடக்கிறாள். முள் என்பதே ஏமாற்று."

பொட்டு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. முறிந்த முள்ளை யாரும் பார்க்கவில்லை. நரி உடனே தேக்கிலையை விரித்து, இனிமேல் முள்ளைப் பாதி ஆழம் குத்திக்கொள்ளலாமா என்று பேரத்தை ஆரம்பித்தது.

அந்த வருஷத்துக் குட்டிகள் பால் மறந்து, முள் குத்தும் பருவத்துக்கு வந்தன. ஒரு தாயும் குட்டியைக் கொண்டுவரவில்லை. பாதிக் கூட்டத்தைப் பறிகொடுத்த மந்திகள்கூட முள்ளம்பன்றியின் வளையைச் சுற்றிக்கொண்டு போயின. வேர்ச் சாறு சட்டியில் காய்ந்து வெடித்தது. மேற்குச் சரிவில் மறுபடியும் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது.

பிள்ளைகளே, ஆளைப் பிடித்துவிட்டீர்கள் அல்லவா? நீங்கள் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். அவனோடு பேச வேண்டும்.

கரடியின் வாயை அடைக்கத்தானே பேசாமல் இருந்தாய்? இன்றைக்கு அது காடெல்லாம் சொல்லித் திரிகிற வார்த்தை, நீ வைத்த பொட்டிலிருந்து எடுத்தது. உன் மருந்தைக் கரடியா கெடுத்தது? கரடிக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

முறிந்த மூன்று முள்ளை நீ எறியவில்லை. வளைக்குள் மண்ணுக்கடியில் வைத்திருக்கிறாய். தோண்டி எடு. அந்தக் குட்டி பாலில்லாமல் புற்றுக் கறையானை நக்கியே பிழைத்துக்கொண்டது, காலையில் தனியாகக் குளத்துக்கு வருகிறது. கரடிக்கு எதிரே, மயிலுக்கு எதிரே, அந்தக் குட்டியின் கண்ணுக்கு எதிரே மூன்று முள்ளையும் தரையில் போட்டு, "இவள் சொன்னது நிஜம், பொய் சொன்னது நான்" என்று சொல். பிறகு புற்றடிக்குப் போய் அந்தப் பொட்டை உன் கையாலேயே சுரண்டு. மந்திகள் திரும்பி வருமா என்று என்னைக் கேட்காதே. முதலில் போ.

நீதி: செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொன்னால் செய்த நூறும் பொய்யாகும், பொய் சொன்ன வாயே அதை ஊரறியத் திருத்தட்டும், அடுத்தவர் இருமுவதற்குள் திருத்தட்டும்.