தகர மூக்கு

“இன்னும் என்னத்த வைக்கணும் ஆசானே?” என்று கேட்டார் பூதலிங்கம்.

ஆசான் பிக்கப் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை. முன்பு காற்றாலை இறக்கையில் தொங்கி வேலை பார்த்தவர். காற்றை அறிந்தவர் என்று டிரைவர்கள் ஆசான் பட்டம் கொடுத்துவிட்டார்கள். பூதலிங்கத்தைவிட இளையவர்தான். டீசல் குடிக்கிற வண்டியை வைத்துக்கொண்டு வயதா பார்க்க முடியும்?

காற்றைக் கிழிக்கக் கேபின் தலையில் தகர மூக்கு வளைத்து வைத்தாயிற்று. பம்பருக்குக் கீழே ரப்பர் பாய் தொங்கவிட்டாயிற்று. பின்னால் தார்ப்பாயைச் சரிவாக இழுத்துக் கட்டியாயிற்று. லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்கு மேல் அசையவில்லை.

“வெள்ளிக்கெழம புரோக்கர் வாறான்,” என்றார் பூதலிங்கம். “மைலேஜ் ஏறலேன்னா வித்துரணும்னு மவன் சொல்லிட்டான். முன்ன பதினஞ்சு தந்த வண்டி ஆசானே.”

“அப்போ என்ன மாட்டியிருந்தீங்க அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்ல. வெறும் வண்டி.”

“வெறும் வண்டியா?”

பூதலிங்கம் இடது சீட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார். தோவாளையில் பூ ஏற்றியதும் பெஞ்சாதி இசக்கியம்மாளும் இடது சீட்டில் ஏறிக்கொள்வாளாம். மடியில் வாழையிலை, இலையில் உதிரிப் பிச்சி. திருநெல்வேலி போய்ச் சேருமுன் சரம் கட்டி முடித்துவிடுவாளாம். டீசல் நாற்றம் அவளுக்கு ஆகாது. கண்ணாடி இறக்கியேதான் இருக்கும். அவள் போய் மூன்று ஆடி ஆகிவிட்டது.

“அதெல்லாம் மைலேஜ்ல வராதுல்லா,” என்று முடித்தார்.

ஆசான் பின்னால் போனார். பூ மூட்டையிலிருந்து இரண்டு கை பிச்சி அள்ளினார். இடது சீட்டில் வாழையிலை விரித்துப் பூவைக் கொட்டினார். கண்ணாடியை இறக்கினார்.

“ஒரு பூ பறக்கப்படாது. போயிட்டு வாங்க.”

“இது என்ன வித்தை?”

“டீசல் வேணுமா, பேச்சு வேணுமா?”

பூதலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே கிளப்பினார். கணவாய் தாண்டியதும் வழக்கம்போல மிதித்தார்.

முள் எண்பதைத் தொடுமுன் இலை படபடத்தது. பூ எழும்பியது.

“காத்து,” என்பாள் இசக்கியம்மாள். அவ்வளவுதான் சொல்வாள். சரத்திலிருந்து தலை நிமிராது.

கால் தானாக மேலே வந்தது.

பூ இலையில் அடங்கியது.

லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டின. ஒரு பஸ் கண்டக்டர் தலையை நீட்டி, பெரிசு ஒரு மாட்டுவண்டி வாங்கிக்கலாமே என்று கேட்டுவிட்டுப் போனான். பூதலிங்கத்தின் காதில் விழவில்லை. வாசனை மட்டும் இருந்தது.

பெட்ரோல் பங்கில் கணக்குப் பார்த்தது மகன். பதினைந்தும் கொஞ்சமும். நம்பாமல் மறு டேங்குக்கும் பார்த்தான். பிறகு விற்கிற பேச்சை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை புரோக்கர் வந்தான். வேண்டாமென்று அவனுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. தகர மூக்கைப் பார்த்துச் சிரித்தான். டயரை உதைத்தான். சும்மா ஒரு ரவுண்டு போவோம் என்று இடது கதவைத் திறந்தான்.

சீட்டில் இலை.

“பின்னால ஏறுடே,” என்றார் பூதலிங்கம். “அங்க ஆள் இருக்கு.”