செம்மி மோந்து பார்த்த கை

அந்தக் காலத்தில் நாய்களுக்கும் நம்மைப் போலவே பேச வரும். செவந்தி என்கிற ஆட்டுக்காரியின் பட்டியைச் செம்மி என்ற பெண் நாய் காவல் காத்தது. யார் வந்தாலும், "யாரு? எந்த ஊரு? என்ன உறவு?" என்று கேட்கும். பதில் சரியாக இருந்தால் வழி விடும்.

ஒரு நாள் செவந்தி தண்ணீருக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஓர் ஓநாய், யாரோ வேலியில் காயப் போட்டிருந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தது.

"நான் செவந்திக்குப் பெரியப்பா மகன். அடி என் தங்கமே, சௌக்கியமா?" என்று செம்மியின் தலையைத் தடவியது. கம்பளி சரிந்து செம்மியின் கண்ணை மூடியது. செம்மி அதை உதறிவிட்டுப் பார்ப்பதற்குள் ஒரு குட்டியைக் காணோம்.

திரும்பி வந்த செவந்தி நடந்ததைக் கேட்டுக் கத்தினாள். "உறவு சொன்னா உள்ளே விட்டுருவியா? இன்னொரு குட்டி போகட்டும், அப்புறம் உனக்கு இங்கே கஞ்சி கிடையாது!"

மறுநாள் செவந்தியின் தங்கை நாச்சி, கோயிலுக்குப் போன கையோடு அக்காளைப் பார்க்க வந்தாள். செவந்தி மேய்ச்சலில் இருந்தாள். பட்டியில் குட்டிகளும் செம்மியும்தான்.

"மகராசியா இரு தாயி" என்று நாச்சி குனிந்து தலையில் கை வைக்கப் போனாள். செம்மி பல்லைக் காட்டி உறுமியது. நாச்சி கையை இழுத்துக்கொண்டாள். ஆனாலும் ஓடவில்லை, அப்படியே நின்றாள்.

"வாழ்த்த வந்த கையைக் கடிப்பியா? நான் உங்க அம்மா செவந்தி கூடப் பிறந்தவ!"

"நேத்து வந்தவனும் அப்படித்தான் சொன்னான். தலையைத் தடவித்தான் கண்ணை மறைச்சான். உன்னை விட்டாலும் பயம், விரட்டினாலும் பயம். நான் என்ன செய்ய?" என்று செம்மி அழாத குறையாகக் கேட்டது.

நாச்சிக்குப் பாவமாக இருந்தது. முகத்தைத் திருப்பி ஒருக்களித்து உட்கார்ந்தாள். விரல்களை மடக்கி, கையைத் தாழ நீட்டினாள். "என் பேச்சை நம்பாட்டிப் போ. கையை மோந்து பாரு. நான் அவசரப்படலை."

செம்மி மெல்லக் கிட்டே வந்தது. விபூதி, ஆட்டுப்பால், அதற்கு அடியில் செவந்தியின் அதே வாசனை!

"அட, நம்ம சித்தி!" என்று வாலைச் சுழற்றியது.

சாயங்காலம் அதே கம்பளி மறுபடி வந்தது. "தங்கமே..."

"கையைக் காட்டுங்க மாமா."

"கை எதுக்கு? நான்தான் சொல்றேனே..."

செம்மியே எட்டி மோந்தது. காணாமல் போன குட்டியின் வாசனை! பிறகென்ன, கம்பளி இங்கே, ஓநாய் மலைக்கு அந்தப் பக்கம். அன்றைக்குச் செவந்தி ஊற்றிய கஞ்சியில் பாலும் இருந்தது.

கேள்வி கேட்டு என்ன பயன் என்று செம்மி பேச்சையே விட்டுவிட்டது. அன்று முதல்தான் நாய்கள் புது ஆளை வாயால் விசாரிக்காமல் மூக்கால் விசாரிக்கின்றன. நாமும் எடுத்தவுடன் தலையைத் தொடாமல், வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு, கையைத் தாழ நீட்டிக் காத்திருக்கிறோம்.