ரணசிங்கர் கேட்ட நடுகல்

உயிரோடு இருக்கும்போதே தனக்கு நடுகல் வேண்டும் என்று அடம்பிடித்த ஆளைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? ஒருவர் இருந்தார். பெயர் ரணசிங்கர். பெருந்தேவராயர் என்ற அரசருக்கு மைத்துனர். பெயரில் மட்டும்தான் சிங்கம். பூனை குறுக்கே ஓடினாலே இரண்டடி பின்வாங்குகிற மனிதர்.

அந்த நாட்டில் கொன்றையூர் என்று ஒரு சிற்றூர். மாடு கவர வந்த பகைவரோடு மோதி, மாடுகளை மீட்டு, உயிரை விட்டவன் அந்த ஊரில் மாடு மேய்த்த கோவன். ஊரார் ஏரிக்கரையில் அவனுக்கு நடுகல் நட்டு விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். யாரிடமும் கைநீட்டாமல், தாங்களே கல் சுமந்து நட்டார்கள். ரணசிங்கருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அன்று நானும் கொன்றையூரில்தான் முகாம் போட்டிருந்தேன். போரில் நானும் இருந்தேன். மாடு மேய்க்கிறவனுக்குக் கல், எனக்கு ஒன்றுமில்லையா?" என்று அக்காவிடம் போய் அழுதார். அக்கா என்றால் அரசி. தம்பிக்காக அரசி சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள். அப்புறம் அரசர் என்ன செய்வார்?

அவைப் புலவன் மருதக்கூத்தனைக் கூப்பிட்டார்.

"கூத்தா, கோவன் கல்லைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் மைத்துனருக்கு ஒரு கல் நட வேண்டும். அதில் பொறிக்கும் வாசகம் உன் பொறுப்பு."

"அரசே, நடுகல் இறந்தவருக்கு அல்லவா நடுவார்கள்?"

"அதையெல்லாம் நீ சமாளி. பொய் மட்டும் எழுதாதே. கல்லில் பொய் எழுதினால் குலத்துக்கு ஆகாது."

ரணசிங்கர் மீசையைத் தடவிக்கொண்டார். "'போரில்' என்ற சொல் கட்டாயம் வர வேண்டும், புலவரே."

செத்தவன் பெயரையும் பிடுங்குவார்களா என்று நினைத்தபடியே கூத்தன் கொன்றையூருக்கு வண்டி கட்டினான்.

ஏரிக்கரையில் கோவனின் மனைவி பொன்னாச்சி கைக்குழந்தையோடு கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கல்லைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யா, இந்தப் புள்ள அப்பன் மொகத்தையே பார்த்ததில்ல. இந்தக் கல்லுதான் அவனுக்கு அப்பன். இதையும் எடுத்துட்டா நான் எதைக் காட்டுவேன்?"

"ரணசிங்கரும் அன்றைக்குப் போரில் இருந்ததாகச் சொல்கிறாரே, அம்மா?"

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருந்தாரு. எங்க வைக்கப்போருக்குள்ள. பகையாளி கொம்பு ஊதினதும் உள்ள பூந்தவருதான். எம்புருசன் நெஞ்சுல அம்போட மாட்டையெல்லாம் திருப்பி ஓட்டியாந்து இங்கதான் விழுந்தாரு. பசியில வந்த செவலப் பசு வைக்கலைப் புடிச்சு இழுத்துச்சு. கூடவே ஒரு காலும் வந்துச்சு."

கூத்தன் அந்தக் குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்தான்.

"அம்மா, புதுக் கல் வரட்டும். யாரும் மறிக்க வேண்டாம். அதைத் திறந்து வைக்கிறவரை கோவன் கல்லை யாரும் தொடாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன்."

திறப்பு நாளன்று மேளதாளத்தோடு அரசர் வந்தார். ரணசிங்கர் பட்டுடுத்தி மாப்பிள்ளை போல நின்றார். பழைய கல்லைத் திறப்புக்குப் பிறகு பிடுங்கலாம் என்று கூத்தன் சொல்லி வைத்திருந்ததால், கோவன் கல்லுக்குப் பக்கத்திலேயே, அதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் புதுக் கல். அரசர் துணியை விலக்கினார். கூத்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்க வாசித்தான்.

"பகைவர் வந்த அன்று கொன்றையூர்ப் போரில் மறைந்தவர் ரணசிங்கர்."

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

ரணசிங்கர் துள்ளிக் குதித்தார். "அத்தான், இவன் என்னைச் சாகடித்துவிட்டான். இவன் தலையை வாங்குங்கள்."

அரசரும் முகம் சிவந்தார். "பொய் எழுதாதே என்று சொன்னேனே, கூத்தா. உயிரோடு நிற்கிறவரை இறந்தவர் என்று எழுதலாமா?"

"இறந்தவர் என்று எழுதவில்லையே, அரசே. மறைந்தவர் என்றுதான் எழுதினேன்."

"போரில் மறைந்தார் என்றால் வேறென்ன அர்த்தம்?"

"எந்தப் போர் என்பதைப் பொறுத்தது. இவர் மறைந்தது வைக்கோல் போரில்."

அரசர் ஊராரைப் பார்த்தார். பொன்னாச்சி முன்னால் வந்து, செவலைப் பசு காலை இழுத்த கதையை அப்படியே சொன்னாள்.

"மைத்துனரே, கல் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா? நீரே சொல்லும்" என்றார் அரசர்.

"இப்பவே எடுத்துவிடுங்கள், அத்தான்" என்றார் ரணசிங்கர், தரையைப் பார்த்துக்கொண்டே.

புதுக் கல்லைப் பெயர்த்து ஏரி மதகுக்குப் படியாகப் போட்டார்கள். கோவன் கல்லை இனி யாரும் தொடக்கூடாது என்று அரசர் ஆணையிட்டார். அவன் பிள்ளைக்கு வரியில்லாத நிலம் எழுதிவைத்தார். கூத்தன் கையில் தன் மோதிரத்தைக் கழற்றிப் போட்டார். எல்லாம் முடிந்து பல்லக்கில் ஏறப் போனவர் சட்டென்று நின்றார். முகத்தில் கவலை.

"கூத்தா, மாட்டிக்கொண்டேனே. கல் திறந்த சேதி வந்தால்தான் சாப்பிடுவேன் என்று அரண்மனையில் அரசி இன்றும் பட்டினியாகக் காத்திருக்கிறாள். தம்பியைப் பற்றிக் கேட்டால் நான் என்ன சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்கள், அரசே," என்றான் கூத்தன். "சண்டை ஓய்கிறவரை உன் தம்பி போரை விட்டு வெளியே வரவே இல்லை என்று சொல்லுங்கள்."

அரசர் சிரித்த சிரிப்பில் பல்லக்குத் தூக்கிகளும் பிடித்திருந்த தண்டை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.