தபித்தாள் மறந்துபோன மூன்று புகார்கள்

பெரியவர்களும் கேளுங்கள், சின்னவர்களும் கேளுங்கள். நம் பக்கத்துக்கு ரயில் வராத காலம் அது. செம்மண்விளை என்ற ஊரில் ஓலைக்கூரை போட்ட ஒரு சின்ன வேதக்கோயில் இருந்தது. அங்கே முதல் வரிசையில் முழங்கால் போடுகிறவள் தபித்தாள்.

தபித்தாளுக்கு விசுவாசம் பெரிது. ஞாபகம் அதைவிடப் பெரிது. தினமும் காலை ஜெபத்தில் மூன்று பேரை ஆண்டவரிடம் ஒப்படைப்பாள், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

"ஆண்டவரே, வேதமுத்து என் செம்புப் பானையை வாங்கிப்போய் நசுக்கிக் கொண்டுவந்தான். அவனைப் பாரும். என் நாத்தனார் சூசன்னாள், என் மகள் கல்யாணப் பந்தியில் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை என்றாள். அவளைப் பாரும். பக்கத்து வீட்டு மாசிலாமணி வேலியைத் தள்ளிப் போட்டு என் முருங்கை மரத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். அவனைக் கொஞ்சம் கூடுதலாகப் பாரும்."

ஜெபம் நடத்தும் உபதேசியார் அவசரமாக ஆமென் போடுவார். மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அறுபது வயதில் முழங்கால் போயிற்று. உட்கார்ந்து புகார் சொன்னாள். எழுபதில் பல் போயிற்று. கொழகொழவென்று புகார் சொன்னாள். எண்பதில் ஞாபகம் போகத் தொடங்கியது. பேர்கள் மனதில் தங்கின, குற்றங்கள் போய்விட்டன.

ஒரு காலை "ஆண்டவரே, வேதமுத்து..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள். இவன் பேரைத் தினமும் சொல்கிறேனே, பாவம், ஏதோ பெரிய கஷ்டம் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அவனுக்கு முதுகுவலி போல, சுகப்படுத்தும். சூசன்னாள் தனியாக இருக்கிறாள் போல, துணையாக இரும். மாசிலாமணிக்கு என்ன குறையென்று தெரியவில்லை. எல்லாம் கொடும்."

அன்றைக்கு உபதேசியார் ஆமென் சொல்ல மறந்துபோனார்.

ஜெபித்தால் போய்ப் பார்க்க வேண்டாமா? வேதமுத்துவுக்கு வேப்பெண்ணெய் கொண்டுபோனாள். அவன் முதலில் ஆட்டின் முதுகில் தேய்த்துப் பார்த்தான். இரண்டு நாளாகியும் ஆடு நன்றாக இருக்கவே, தானும் தேய்த்துக்கொண்டான். சூசன்னாளுக்கு மீன்குழம்பு கொண்டுபோனாள். "நீங்க முதல்ல சாப்பிடுங்க மதினி" என்று காத்திருந்துதான் அவள் தொட்டாள். மாசிலாமணிக்குக் கருப்பட்டி கொண்டுபோனாள். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலியையே பார்த்தான்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. பிறகு மாசிலாமணியால் தாங்க முடியவில்லை. அவள் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, உங்களுக்கு நிஜமாவே ஞாபகம் இல்லையா? வேலியைத் தள்ளிப் போட்டது நான்தான். அந்த முருங்கை உங்க மரம்."

தபித்தாள் அவனையே பார்த்தாள். வேலி ஞாபகம் வந்தது. பின்னாலேயே பானை வந்தது, பந்தி வந்தது. முப்பது வருஷக் கோபம் அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கியது.

"போடா வீட்டுக்கு" என்றாள்.

மறுநாள் காலை கோயில் நிறைந்திருந்தது. மூன்று பேரும் கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். தபித்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆண்டவரே, எனக்கு ஞாபகம் வந்துவிட்டது."

உபதேசியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"முப்பது வருஷம் புகார் சொன்னேன். நீர் ஒன்றும் செய்யவில்லை என்று உம்மேலும் எனக்கு வருத்தம்தான். இந்த இரண்டு வருஷமும் நான் யாரையும் மன்னிக்கவில்லை, சும்மா மறந்துபோனேன். அதற்கே மூன்று வீட்டில் பேச ஆள் கிடைத்தது. நேற்று ஒரு நாள் ஞாபகத்தோடு இருந்து பார்த்தேன். சோறு இறங்கவில்லை. அதனால் புத்தி தெளிவாக இருக்கும்போதே மூன்று புகாரையும் விட்டுவிடுகிறேன். நாளைக்கு மறந்துபோனால், விட்டது நான்தான் என்று சொல்ல முடியாதே."

மாசிலாமணி தேம்பினான். தபித்தாள் திரும்பிப் பார்த்தாள்.

"அழாதே. வேலி அங்கேயே இருக்கட்டும். காய் மட்டும் பாதி இங்கே வரட்டும்."

அன்றைக்கு ஆமென் கூரையைத் தூக்கியது.

அதற்குப் பிறகும் சில காலைகளில் வேலி ஞாபகம் வரத்தான் செய்தது. வரும்போதெல்லாம் மாசிலாமணிக்காக இரண்டு முறை ஜெபித்தாள். முருங்கை காய்க்கும் மாதங்களில் அவன் பேர் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

ஆகவே, வயது நம்மிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும்போது மனக்கசப்பை மட்டும் நாமே முந்திக் கொடுத்துவிட்டால், முதுமையும் ஆண்டவருக்குள் வளர்கிற பருவமே ஆகும்.